ஐம்பத்தேழாம் பக்கம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடியே கடந்து வந்த கூட்டுறவு சார்பதிவாளர் கிருபாசங்கர், வெள்ளைக்கல் எஸ்டேட் நிறுத்தத்தில் இறங்கியதும் நேராகப் போய் மைல்கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார். பஸ் போய்விட்டது. மலையும் மூடுபனியும் இன்னும் அவருக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

குடையோடு காத்திருந்த மெர்சி அருகில் போய் நின்றாள்.

"ஏனுங்க சார், தண்ணி கொண்டாரட்டுங்களா?"

"பூமி நிக்கட்டும் அம்மணி. நின்ன பொறகு குடிக்கறேன்."

மெர்சிக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டாள். வந்திருப்பவர் சிரித்துப் பேசினாலும் அவர் கையிலிருக்கும் பைக்குள் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். தணிக்கைக்குப் போயிருந்த சங்கத்தின் பழைய பதிவேடுகள் இரண்டு இருந்தன. மழை படாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய கூட்டுறவுச் சட்டப் புத்தகம் ஒன்று இருந்தது. அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் இன்று மாலைக்குள் அவர் முடிவு சொல்லப் போகிறார்: வெள்ளைக்கல் எஸ்டேட் தொழிலாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் தொடருமா, கலைக்கப்படுமா என்று.

சங்கம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. கொழுந்து எடை போடும் கொட்டகையை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஓர் அறை, இரும்பு பீரோ ஒன்று, மேசை ஒன்று. தேயிலை பறிக்கிறவர்கள் மாதம் ஐம்பது ரூபாய் சேமிப்பார்கள். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்வார்கள். 1956இல் தொடங்கியது. அரசாங்கம் கொண்டுவராமல், முதலாளி கொடுக்காமல், கூடை சுமந்தவர்கள் தாங்களே உண்டாக்கிய ஒன்று அந்த மலையில் அது மட்டும்தான்.

மெர்சி அதன் செயலாளராகி இரண்டு மாதம் ஆகிறது. சரவணம்பட்டியில் ஒரு கணினி நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் ஒப்பந்த வேலையில் இருந்தவள். ஒப்பந்தம் முடிந்தபோது, கூட்டுறவுப் பட்டயப் பயிற்சி முடித்த யாராவது வெள்ளைக்கல்லுக்குத் தற்காலிகமாக வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்தாள். அவள் பிறந்த எஸ்டேட் அது. பன்னிரண்டு வயதில், இருந்த ஒரே துணையான தாயையும் இழந்து, தகரப் பெட்டியோடு பொள்ளாச்சி விடுதிக்கு இறங்கிப் போன எஸ்டேட்டும் அதுவே. வேறு வேலை கிடைக்கும்வரை என்று நினைத்துத்தான் விண்ணப்பித்தாள்.

பயிற்சிக் காலத்தில் சட்டப் பாடம் எல்லாருக்கும் தூக்கம் வரவழைக்கும். மெர்சிக்கு மட்டும் அதில் ஒரு வரி பிடித்திருந்தது: ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றுதான். யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, கூடை சுமக்கும் ஒரு பெண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த வரியை எழுதியிருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றும். அந்த அறைக்கு ஜன்னல் உண்டா, வெளியே மழை பெய்ததா என்றெல்லாம்கூட அவள் யோசித்ததுண்டு.

கிருபாசங்கருக்குப் பூமி நின்றது. தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

"எத்தனை பேரு உறுப்பினரு?"

"அறுபத்தொண்ணுங்க சார்."

"எல்லாரும் வருவாங்களா? ஒவ்வொருத்தரையும் நேர்ல பாத்துச் சரிபாக்கணும். ஆதார் அட்டையும் வேணும். கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறாங்க."

"எடை போட்டு முடிஞ்சதும் எல்லாரும் நேரா வந்துருவாங்க."

இரண்டரை மணிக்கு எடை முடிந்தது. பிளாஸ்டிக் தாளை இடுப்பில் சுற்றியபடி பெண்கள் கொட்டகைக்குள் வந்து கூடைகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே ஒருத்தி, "ஏம்புள்ள மெர்சி, வந்திருக்கற ஆபீசரு நல்லவருங்களா, கெட்டவருங்களா?" என்று உரக்கவே கேட்டாள்.

"கோபக்காரரில்லீங்க, கோபிக்காரருங்க" என்றார் கிருபாசங்கர். கொட்டகை சிரித்தது.

மெர்சி பக்கத்தில் உட்கார்ந்து பேரேட்டைத் திறந்தாள். போன வருடம்வரை செயலாளராக இருந்த காளிச்சாமி எழுதியது. அதில் பெயர்களே இருக்காது, எண்கள்தான். எஸ்டேட்டில் வருகைப் பதிவும் அப்படித்தான், எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயர்கள் இருந்த உறுப்பினர் பதிவேடு இத்தனை நாளும் தணிக்கை அலுவலகத்தில் கிடந்தது. அதை இப்போதுதான் கிருபாசங்கர் தம் மடியில் வைத்துத் திறந்தார்.

"பதினேழு. பழனாத்தாள்."

"இருக்கேனுங்க" என்று எழுந்தாள் பூவாத்தாள்.

ஐம்பத்தேழு வயது, கொட்டகையில் எல்லாருக்கும் மூத்தவள். மெர்சியின் தாயோடு அடுத்தடுத்த வரிசையில் கொழுந்து பறித்தவள்.

கிருபாசங்கர் கண்ணாடியைச் சரிசெய்து பதிவேட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி பதிவேட்டைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்குத் தொண்ணூத்தொம்பது வயசுன்னு போட்டிருக்குதுங்க."

"அது எம்மாமியாளுங்க."

"அவங்க எங்க?"

"அவ போயி இருவத்தாறு வருசம் ஆச்சுங்க. அவ வரிசை எனக்கு வந்துச்சு, அவ ஊடு எனக்கு வந்துச்சு, அவ எஸ்டேட்டு நம்பரும் எனக்கு வந்துச்சு. சங்கத்து நம்பரும் அப்படித்தானுங்களே?"

கிருபாசங்கர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அதற்கும் ஒரு மகள் எழுந்தாள். அடுத்ததற்கு ஒரு மருமகள். எஸ்டேட்டில் தாய் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ அவள் எண் மகளுக்கோ மருமகளுக்கோ வரும். அதே எண், அதே வரிசை, எஸ்டேட் கொடுத்த அதே லைன் வீடு. சங்கத்திலும் அதுதான் வழக்கம் என்று எழுபது வருடமாக எல்லாரும் நம்பியிருந்தார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் பதிவேட்டின்படி, நூறு வயதை எட்டிய பெண்கள் தினமும் முப்பது கிலோ கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி போன தீபாவளிக்குக் கடன் வாங்கி டிவி வாங்கியிருந்தாள்.

கிருபாசங்கர் செல்பேசியை எடுத்துக் கோபிசெட்டிபாளையத்தில் மகனோடு இருக்கும் காளிச்சாமியைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார்.

"ஏனுங்க காளிச்சாமி, செத்தவங்க பேரையெல்லாம் ஏனுங்க எடுக்காம உட்டீங்க?"

அந்தப் பக்கம் தென்னந்தோப்புக் காற்றோடு காளிச்சாமியின் குரல் கேட்டது. "ராஜினாமாக் கடுதாசி யாருமே கொடுக்கலீங்களே சார்."

"செத்தவங்க எப்படீங்க கொடுப்பாங்க?"

"அதத்தானுங்க நானும் சொல்றேன்."

கொட்டகை அதிர்ந்தது. கிருபாசங்கரும் சிரித்துவிட்டார். போனை வைத்துவிட்டு மெர்சி பக்கம் குனிந்து, "ஒண்ணு மட்டும் சொல்லோணும் அம்மணி. நான் பாக்கற சங்கத்துல எல்லாம் உசுரோட இருக்கறவங்க பாக்கி வச்சிருக்காங்க. இங்க செத்தவங்க ஒருத்தருகூட ஒரு தவணை தவறலை" என்றார்.

மெர்சியால் சிரிக்க முடியவில்லை. அவள் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். தங்கள் சொந்தப் பெயரில் எழுந்து நின்றவர்கள் இதுவரை பதினெட்டுப் பேர். சட்டம் கேட்பது இருபத்தைந்து.

"ஐம்பத்தேழு. எஸ்தர்."

மெர்சியின் பென்சில் நின்றது.

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. "இருக்கேனுங்க" என்று யாரும் சொல்லவில்லை. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் மெர்சியைப் பார்த்தார்கள்.

"ஐம்பத்தேழு போன மாசங்கூட ஐம்பது ரூபா கட்டியிருக்குதே" என்றார் கிருபாசங்கர், பேரேட்டில் விரலை வைத்து. "யாருங்க அது?"

அது உண்மை. அந்த ஐம்பதை வாங்கி, ஐம்பத்தேழாம் பக்கத்தில் வரவு வைத்தவளே மெர்சிதான். பூவாத்தாள் எல்லாருக்குமாகச் சேர்த்துக் கொண்டுவரும் துணிப்பொட்டலத்தில் அதுவும் இருந்தது. அந்த எண் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. தாயின் சங்க எண்ணை எந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் கேட்டு வைத்திருப்பாள்?

"அது மெர்சியோட அம்மாளுங்க" என்றாள் பூவாத்தாள். "அவ போயிப் பதினாலு வருசம் ஆச்சு."

"அப்பறம் பணம்?"

"முறை வச்சுக் கட்டறமுங்க" என்றது ஒரு குரல். மடியில் வெற்றிலையை விரித்து வைத்திருந்த அன்புச்செல்வி. "போன மாசம் என்ர முறை."

"எதுக்குங்க?"

அன்புச்செல்வி பூவாத்தாளைப் பார்த்தாள். பூவாத்தாள் பேசியது கிருபாசங்கரிடம்தான். ஆனால் பார்வை தரையில் இருந்தது.

"மூணு மாசம் கட்டாட்டி நம்பரு போயிரும்னு காளிச்சாமி சொன்னாருங்க. அந்தப் புள்ள பெட்டியத் தூக்கிட்டு பஸ் ஏறுச்சு. ஊட்டை மறு மாசமே வேறாளுக்குக் கொடுத்துப்போட்டாங்க. படிச்சு மேல போச்சுன்னா போகட்டும், நல்லதுதான். போக முடியலைன்னா? திரும்பி வந்தா ஒக்கார ஒரு எடம் வேணுமில்லீங்களா? எங்ககிட்ட வேற என்னங்க இருக்குது, இந்த நம்பருதான் இருந்துச்சு. அத உடாமப் புடிச்சுக்கிட்டோம்."

மெர்சி எழுந்து வெளியே போனாள்.

கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றாள். சரிவெங்கும் தேயிலை நனைந்துகொண்டிருந்தது. விடுதியில் கழித்த கிறிஸ்துமஸ்கள் நினைவுக்கு வந்தன. மற்றப் பிள்ளைகளைக் கூட்டிப்போக யாராவது வருவார்கள். வார்டன் அம்மாவோடு மெர்சி மட்டும் மீதமிருப்பாள். அந்த நாட்களில் அவள் கதைப் புத்தகங்களுக்குள் புகுந்துகொள்வாள். பனி பெய்யும் ஊர்கள், நீளமான பெயருள்ள ரயில் நிலையங்கள், அங்கே யாருக்காகவோ யாரோ வருடக்கணக்கில் காத்திருப்பார்கள். கதையில்தான் அப்படி நடக்கும் என்று நினைத்து மூடி வைப்பாள். அந்த டிசம்பரிலும் இங்கே யாரோ ஒருத்தி, முறை வந்தது என்று, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பது ரூபாய் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அந்த ஊர்களைப் போல இதுவும் ஒரு ஊர்தான். பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருந்திருக்கிறது.

முகத்தை மழைத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது கிருபாசங்கர் எண்ணி முடித்திருந்தார். சட்டப் புத்தகத்தின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாமாரே, கேட்டுக்கோங்க. உறுப்பினர் ஒருத்தர் இறந்துட்டா அன்னைக்கே அவங்க உறுப்பினர் இல்லைன்னு ஆயிரும். சட்டம் அப்படித்தான் சொல்லுது. சொந்தப் பேர்ல இருக்கறவங்க இங்க இருபத்திரண்டு பேருதான். இருபத்தஞ்சுக்குக் கீழ போனா சங்கத்தைக் கலைக்கலாம்னு நான் எழுதோணும். நாளைக்கு என் அறிக்கை கோயமுத்தூருக்குப் போகுது."

"ஐயோ சாமி!" என்றாள் ஒருத்தி.

"பொறுங்க. இந்தச் சங்கத்துக்கு இப்ப நிர்வாகக் குழு இல்லை, தேர்தல் நடக்கற வரைக்கும் செயலாட்சியரு நான்தான். நீங்க அத்தனை பேரும் உங்க சொந்தப் பேர்ல இன்னைக்கே விண்ணப்பம் கொடுங்க, இன்னைக்கே சேத்துக்கறேன். ஆனா, முன்னால இருந்தவங்க இறந்துட்டாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். அவங்க பேரை அடிக்கணும்."

விண்ணப்பத் தாள்களை மெர்சி மேசையில் அடுக்கினாள். யாரும் எழுந்திருக்கவில்லை.

"இத்தனை நாளு அவங்க பேர்ல கையெழுத்துப் போட்டதுக்குக் கேசு கீசு வருமுங்களா?" என்று அன்புச்செல்வி கேட்டாள்.

"ஒரு பைசாக் கையாடல் இல்லை. கேசு எதுக்கு வருது? தெரியாமச் செஞ்சதுன்னு நான் எழுதறேன்."

அப்போதும் யாரும் நகரவில்லை. பூவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"நானு அடிக்க மாட்டேனுங்க."

"ஏனுங்கம்மா?"

"எம்மாமியா உசுரோட இருக்கறப்ப தெனமும் எனக்கும் அவளுக்கும் சண்டைதானுங்க. சோத்துல உப்புன்னா சண்டை, உப்பில்லைன்னா சண்டை. எனக்குன்னு அவ ஒரு நல்ல சொல்லுச் சொன்னதில்லை. ஆனா இந்தச் சங்கத்தை உண்டாக்குனவளுக அவகூட இருபத்தஞ்சு பேரு. கங்காணிக்குத் தெரியாம மழையில ஒக்காந்து பேசி உண்டாக்குனாங்க. அவ பேரை நான் செகப்பு மையில அடிச்சா, நானே அவளை ரெண்டாந்தடவை பாடையில ஏத்துன மாதிரிங்க."

அவள் சொன்னது எல்லார் மனத்திலும் இருந்ததுதான். தலைகள் ஆடின. கிருபாசங்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருசத்துல ஆறு சங்கத்தைக் கலைச்சு எழுதியிருக்கேனுங்க" என்றார் மெதுவாக. "ஏழாவது வேண்டாம்னுதான் அந்த நாப்பது வளைவையும் ஏறி வந்தேன். அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் போயாகணும்."

மணி நாலாகப் போகிறது. மூன்று பேர் வேண்டும். மூன்றே மூன்று கையெழுத்து. மெர்சி அவர் பையைப் பார்த்தாள். இன்னொரு பதிவேடு இன்னும் திறக்கப்படாமல் இருந்தது. ஓரம் கறுத்த, மெல்லிய பதிவேடு.

"சார், அது என்னங்க?"

"நாமினிப் பதிவேடு. தனக்கு அப்பறம் பங்கு யாருக்குன்னு ஒவ்வொரு உறுப்பினரும் எழுதிக் கொடுக்கணுமில்ல, அது. சட்டப்படி இருந்தாகணும். காளிச்சாமி அதை மட்டும் சரியா வச்சிருக்காரு."

மெர்சி அதை எடுத்துப் பதினேழாம் எண்ணைத் தேடினாள். பக்கம் பழுப்பேறி இருந்தது. கீழே ஒரு பெருவிரல் ரேகை. அவள் ஒருமுறை மனத்துக்குள் படித்தாள். பிறகு எழுந்து நின்று உரக்கப் படித்தாள்.

"பழனாத்தாள். 1991, ஆகஸ்டு. எனக்குப் பிறகு என் பங்கும் சேமிப்பும் சேர வேண்டியவர்: மருமகள் பூவாத்தாள்."

"யாரு?" என்றாள் பூவாத்தாள்.

"நீங்கதான், பெரியம்மா."

"நாலு பசங்க இருந்தாங்க அவளுக்கு."

"பக்கத்துல காளிச்சாமி பென்சில்ல ஒண்ணு எழுதி வச்சிருக்காரு. 'மகன்கள் பெயரைப் போடலாமே என்று கேட்டதற்கு, அவனுங்க குடிச்சுப்போடுவானுங்க, அவதான் கெட்டி என்றார்.'"

கொட்டகையில் ஒருத்தி சிரிக்கத் தொடங்கி, பூவாத்தாளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பூவாத்தாள் மேசையருகே வந்தாள். எழுத்து அவளுக்குச் சரளமாக வராது. ரேகையை மட்டும் குனிந்து வெகுநேரம் பார்த்தாள், தொடவில்லை.

"முப்பத்திநாலு வருசம்" என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல, கெழவி."

பிறகு கிருபாசங்கரைப் பார்த்தாள். "ஏனுங்க சார், பேரைச் செகப்புலதான் அடிக்கோணுமுன்னு சட்டத்துல இருக்குதுங்களா?"

கிருபாசங்கர் உண்மையாகவே புத்தகத்தைப் புரட்டினார். பதிவேடுகளைப் பற்றிய விதியைக் கண்டுபிடித்து விரலை ஓட்டினார். "மையோட நெறத்தைப் பத்தி ஒண்ணும் இல்லீங்க. அடிக்கச் சொல்லியும் இல்லை. முடிவுன்னு குறிக்கணும், அவ்வளவுதான். நாமினியே உறுப்பினராச் சேந்தா பங்கு அவங்களுக்கு மாறிக்கலாம். மாத்திக்கற பட்சத்துல..." அவர் நிறுத்தி யோசித்தார். "அதே பக்கத்துல, பழைய பேருக்குக் கீழயே உங்க பேரை எழுதலாங்க. அதுல தப்பில்லை."

"மேல அவ, கீழ நானு."

"ஆமாங்க."

"உசுரோட இருந்தப்பவும் அப்படித்தான் இருந்தோம்" என்றாள் பூவாத்தாள். "கொடு கண்ணு, பேனாவை. நீல மை."

அதன்பின் மெர்சிக்குக் கை ஓயவில்லை. ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். ஒவ்வொரு ரேகையிலிருந்தும் ஒரு மகளோ மருமகளோ வந்தாள். தங்கள் பெயரைக் கேட்டதும் சிலர் சிரித்தார்கள். ஒருத்தி பதிவேட்டைக் கும்பிட்டாள். நாமினிப் பதிவேட்டில் பெயர் இல்லாத ஆறு பேர் புதுப் பங்கு வாங்கிச் சேர்ந்தார்கள். அந்தப் பணத்தைப் பக்கத்திலிருந்தவர்கள் மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். நாலேமுக்காலுக்கு முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். இருபத்திரண்டோடு சேர்த்தால் அறுபது.

மீதம் இருந்தது ஐம்பத்தேழு.

மெர்சி பக்கத்தைத் திருப்பினாள். தாய்க்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கோணல்மாணலாக 'எஸ்தர்' என்று இருந்தது. மேலே: மகள், மெர்சி, வயது மூன்று.

"நீ உறுப்பினராச் சேர முடியாது அம்மணி" என்றார் கிருபாசங்கர், சொல்ல வருத்தப்பட்டு. "சங்கத்துல சம்பளம் வாங்கறவங்க சேரக் கூடாது. எஸ்டேட்டுத் தொழிலாளியாவும் இருக்கணும். அம்மாவோட பங்கும், அவங்க இருந்தவரைக்கும் கட்டுன சேமிப்பும் உனக்கு வரும். பக்கத்தை மூடணும்."

"மூடிர்லாங்க சார்."

அவளே எழுதினாள். நீல மையில், தாயின் பெயருக்கு எதிரே, இறந்த தேதி. பதினான்கு வருடத்தில் அந்தத் தேதியை அவள் எங்கும் எழுதியதில்லை. அறுபது பேர் சுற்றி நிற்க, ஒரே மூச்சில் எழுதினாள்.

"ஆனா, அவங்க போனதுக்கப்பறம் கட்டுன எட்டாயிரத்து நானூறு இருக்குது" என்றார் கிருபாசங்கர். "அது எஸ்தர் பணமும் இல்லை, மெர்சி பணமும் இல்லை. கட்டுனவங்களுக்குத் திருப்பிக் கொடுத்தாகணும். யாரும் கேக்கலைன்னா என்ன செய்யறதுன்னு உங்க துணைவிதியிலயே இருக்குது: கூட்டத்துல மூணு தடவை கேக்கணும், அப்பவும் யாரும் வரலைன்னா சங்கத்தோட பொது நல நிதிக்கு. அன்புச்செல்விங்களா, போன மாசம் கட்டுனது நீங்கதானே?"

"நானுங்களா?" அன்புச்செல்வி வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். "ஞாபகம் இல்லீங்களே."

"இப்பத்தானுங்க சொன்னீங்க!"

"மறதி சாஸ்தியாப் போச்சுங்க சார்."

கிருபாசங்கர் எழுந்து நின்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டு, அலுவலகக் குரலில் கேட்டார். "இந்தத் தொகை என்னுடையது என்று சொல்பவர் இங்கே உண்டா?"

மழை மட்டும் கேட்டது.

"இரண்டாம் முறை. இந்தத் தொகை என்னுடையது என்று சொல்பவர் உண்டா?"

மெர்சிக்குத் தேவாலயத்தில் கல்யாண ஓலை வாசிப்பது நினைவுக்கு வந்தது. அங்கேயும் மூன்று முறைதான். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார், எல்லாரும் மௌனமாக இருப்பார்கள், அந்த மௌனமே ஆசீர்வாதம். இங்கே அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. ஒருத்தி கூடையின் நாரைச் சரிசெய்தாள். ஒருத்தி கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்த்தாள். பூவாத்தாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்குகிறவளைப் போல.

"மூன்றாம் முறை."

ஒருவரும் பேசவில்லை.

"தொகை பொது நல நிதிக்கு" என்று சொல்லி எழுதிக்கொண்டார் கிருபாசங்கர். எழுதும்போது மூக்கை உறிஞ்சினார். குளிராக இருக்கலாம்.

"அந்த நிதில என்னங்க செய்வாங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"பிள்ளைங்க படிப்புக்குக் கொடுக்கலாம். சட்டத்துல எடம் இருக்குது."

"அப்பச் சரி" என்றாள் பூவாத்தாள், கண்ணைத் திறக்காமல்.

மெர்சி ஏதாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். நன்றி என்ற சொல் சரவணம்பட்டியில் அவள் நாளுக்கு இருபது முறை மின்னஞ்சலில் தட்டியது. அதைக் கொண்டு இந்தக் கொட்டகையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. "பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"அழுகாத. ஆபீசரு பஸ்ஸ உட்டுப்போடுவாரு. மொதல்ல டீ போடு."

கிருபாசங்கர் டீயைக் குடித்தார். சங்கத்துச் செலவில் குடிக்கக் கூடாது என்று சட்டைப் பையிலிருந்து அறுபத்திரண்டு டீக்கும் தாமே காசு கொடுத்தார். எலுமிச்சம்பழத்தை மறந்துவிட்டு பஸ் ஏறினார். அன்புச்செல்வி ஓடிப்போய் ஜன்னல் வழியே கொடுத்தாள்.

அடுத்த மாதம் ஏழாம் தேதி பூவாத்தாள் துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். முதல் முறையாக அறுபது பேரும் தங்கள் பெயரிலேயே கட்டிய மாதம். மெர்சி எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மூவாயிரம் இருக்க வேண்டும்; மூவாயிரத்து ஐம்பது இருந்தது.

"பெரியம்மா, ஐம்பது ரூபா சாஸ்தி வருது."

பூவாத்தாள் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். பிறகு பொக்கை வாயைப் பொத்திக்கொண்டாள். "அட, ஐம்பத்தேழுக்கும் வாங்கிப்போட்டேன். பழக்கம் கண்ணு."

"அந்தப் பக்கம் மூடியாச்சுங்களே."

"கைக்குத் தெரியலையே."

"யாருகிட்ட வாங்குனீங்க? திருப்பிக் கொடுக்கணும். சட்டம்."

"யாருகிட்டன்னு எனக்கெங்க ஞாபகம்? நீயே போயிக் கேளு."

அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மெர்சி அந்த ஐம்பது ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். மழை விட்டிருந்தது. பதினெட்டாம் எண் தேயிலைக் காட்டில் அவர்கள் வரிசை வரிசையாக நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசையில் அன்புச்செல்வி.

"அக்கா, இது உங்களுதா?"

"எனக்கெதுக்கு உம்பணம்? அடுத்த வரிசையில கேளு."

அடுத்த வரிசையில் இல்லை என்றார்கள். அதற்கடுத்ததில் சிரித்தார்கள். மூன்றாவது தடவையும் கேட்டாக வேண்டும், சட்டம் அது. மெர்சி அவசரப்படவில்லை. நோட்டைக் கையில் பிடித்தபடி, தேயிலைக்கு நடுவே, அறுபது பேரிடமும் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே மேலே ஏறிப் போனாள்.